ஓதமும் தூர்வும்

பொருநையாற்றின் தென்கரையில், ஆழ்வார்திருநகரிக்கு அண்மையில், சிறுவர்களுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் நாம் பல்லாண்டுகளாக ஈடுபட்டிருக்கிறோம். தஜ்வீத் பாடத்தில் எழுத்தை நீட்டி ஓதும் இடம் வந்தால் 'மத்து' என்று சொல்லி நிறுத்துவோம். புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைகள் அச்சொல்லைக் கேட்டதும் தயிர் கடையும் மத்தை நினைத்துச் சிரிப்பார்கள். நாமும் அவர்களோடு சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்வோம்.

அண்மையில் ஒரு நாள், அரபி வாசகம் படிக்கும் நிலைக்கு வந்துவிட்ட மாணவர் ஒருவர் புத்தகமும் கையுமாக வந்தார். அதில் கடலைப் பற்றிய பாடத்தில் 'அல்மத்து வல்ஜஸ்ரு' என்றிருந்தது. "ஹஜ்ரத், கடலுக்கும் நீட்டி ஓதும் சட்டம் உண்டோ?" என்று அவர் கேட்டார். விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, நம் ஆற்று முகத்தின் வரலாறும் நம் சமுதாயத்தின் வரலாறும் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிக் கிடப்பதை உணர்ந்தோம். அன்று அம்மாணவருக்குச் சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் ஈண்டு அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

அரபியில் 'மத்த' என்னும் வினைக்கு நீட்டினான், விரித்தான், பெருகச் செய்தான் என்பன பொருள்கள். குரலை நீட்டுவது மத்து. கடல் தன் நீரைக் கரை நோக்கி நீட்டுவதும் மத்து. திருக்குர்ஆனில் லுக்மான் அத்தியாயத்தின் 27ஆம் வசனத்தில் கடலுக்கு வேறு கடல்கள் நீர் சேர்ப்பது பற்றிய குறிப்பில் இவ்வேரிலிருந்து பிறந்த வினையே ஆளப்பட்டிருக்கிறது. எனவே மாணவர் கேட்டதில் தவறில்லை. கடலும் நீட்டுகிறது, அந்த நீட்டலுக்கும் ஓர் அளவு உண்டு.

அதன் எதிர்ச்சொல்லைப் பார்ப்போம். ஓதுவதில் நீட்டலுக்கு எதிர் 'கஸ்ர்', அதாவது குறுக்கல். கடலில் மத்துக்கு எதிர் 'ஜஸ்ர்'. வெட்டுதல், துண்டித்தல் என்பது இவ்வேரின் பொருள். ஆடு மாடு அறுப்பவரை 'ஜஸ்ஸார்' என்பது இதனால். நீர் பின்வாங்குகையில் கரையும் கடலும் வெட்டுண்டாற்போல் பிரிகின்றன, அது ஜஸ்ர். நிலத்தினின்று வெட்டுண்டு நீர் சூழ நிற்பது 'ஜஸீரா', தீவு. தஜ்வீத் கலையின் பேராசானாகிய இமாம் இப்னுல் ஜஸரீ (மறைவு ஹிஜ்ரி 833, கி.பி. 1429) அவர்களுடைய பெயரில் நிற்பதும் ஜஸீரத்து இப்னி உமர் என்னும் ஊர்ப்பெயரே. மத்தின் சட்டங்களை நமக்கு வகுத்துத் தந்த பெரியாரின் பெயர் ஜஸ்ரின் வேரிலிருந்து பிறந்திருப்பது சொற்கள் செய்யும் விந்தைகளுள் ஒன்று.

இனித் தமிழுக்கு வருவோம். கடல் நீர் ஏறி இறங்குவதற்குத் தமிழில் வழங்கும் பழஞ்சொல் 'ஓதம்'. சங்க நூல்களிலும் ஆழ்வார்களின் பாசுரங்களிலும் இச்சொல் பயின்று வருகிறது. இன்று நம் ஊர்களில் சுவரில் ஈரம் ஏறி நின்றால் 'ஓதம் ஏறிவிட்டது' என்கிறோம். அங்கும் கருத்து ஒன்றே: இருக்க வேண்டிய இடத்தைக் கடந்து மேலே ஏறிய நீர். பாடநூல்கள் ஏறிய நிலையை 'உயர் ஓதம்' என்றும் இறங்கிய நிலையைத் 'தாழ் ஓதம்' என்றும் கூறுகின்றன. கடற்கரை மக்கள் ஏற்றம், வற்றம் என்று எளிதாகச் சொல்வர். யாழ்ப்பாணத்தார் இரண்டையும் சேர்த்து 'வற்றுப்பெருக்கு' என்பர். மலையாளத்தார் 'வேலியேற்றம்', 'வேலியிறக்கம்' என்பர்.

மற்றொரு சொல்லும் உண்டு. நிகண்டுகளில் 'வேலை' என்பதற்குக் கடல், கடற்கரை, காலம் எனப் பல பொருள்கள் காணலாம். வடமொழியில் 'வேலா' என்பதற்கு எல்லை, காலம், கடலின் ஏற்றம் என்று பொருள். ஆங்கிலத்தில் ஓதத்தைக் குறிக்கும் 'டைடு' என்னும் சொல்லும் பழங்காலத்தில் 'வேளை' என்ற பொருளில் வழங்கியதே ஆகும். தொலைவில் வாழ்ந்த மக்கள் ஒருவரை ஒருவர் கேளாமலே கடலின் ஏற்றத்தைக் காலத்தின் பெயரால் அழைத்திருக்கின்றனர். ஏன்? அது வேளை தவறாமல் வருவது. வேளை தவறாமல் திரும்புவது. ஓதம் என்ற சொல்லின் உயிர்ப்பொருள் இதுவே. மேலே ஏறுவதெல்லாம் ஓதம் அன்று. குறித்த வேளையில் ஏறி, குறித்த எல்லையில் நின்று, குறித்த வேளையில் மீள்வதே ஓதம்.

அந்த வேளையின் கணக்கைச் சுருங்கச் சொல்வோம். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இருமுறை கடல் ஏறும், இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும். ஆகவே இன்று வந்த ஏற்றம் நாளை ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி வரும். சந்திரன் நாள்தோறும் பிந்தி உதிப்பதும் சராசரியாக இதே அளவுதான். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுப்பதால் அந்நாள்களை ஒட்டி ஏற்றம் மிகும், வற்றமும் மிகும். அரைப்பிறை நாள்களில் இரண்டும் குறையும்.

பிறைக் கணக்கில் வாழும் நமக்கு இது அயலான செய்தி அன்று. நாம் பிறை பார்த்து மாதத்தைத் தொடங்கும்போது கடலில் பெரிய ஏற்றத்தின் காலம். பிறை 13, 14, 15 ஆகிய வெண்ணாள்களில் நோன்பு நோற்கையில் மீண்டும் பெரிய ஏற்றத்தின் காலம். பிறை 7, 8இலும் 22, 23இலும் கடல் அடங்கி நடக்கும். பிறை எண்ணத் தெரிந்தவர் ஓதத்தையும் எண்ணத் தெரிந்தவரே. ஆனால் நம் மதரஸாக்களிலும் சரி, பள்ளிக்கூடங்களிலும் சரி, இவ்விரண்டையும் ஒருசேரச் சொல்லிக் கொடுப்பாரைக் காண்பது அரிது.

முன்னோர் அப்படி இருக்கவில்லை. ஹிஜ்ரி 272இல் (கி.பி. 886) மறைந்த அபூ மஃஷர் தம் வானநூல் முன்னுரை நூலில் சந்திரனுக்கும் ஓதத்திற்கும் உள்ள தொடர்பை விரித்து எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது ஐரோப்பியர் பலர் அதன் வழியாகவே இக்கருத்தைக் கற்றனர். ஹிஜ்ரி 303இல் காம்பே என்னும் கம்பாயத்துக்கு வந்த மஸ்ஊதி, அங்கே கடல் வற்றி வெளிப்பட்ட மணற்பரப்பில் நின்ற நாயொன்று, மலைபோல் ஏறி வந்த நீருக்குத் தப்ப முழு வேகத்தில் ஓடியும் தப்ப இயலாமல் மூழ்கியதைத் தம் நூலில் பதிந்து வைத்தார். கி.பி. 1030ஐ ஒட்டி இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பீரூனி, ஓதம் பற்றி இந்நாட்டார் கொண்டிருந்த கருத்துகளுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். சோமநாதம் என்னும் பெயரில் சந்திரன் இருப்பதற்கும் அக்கரையில் ஏறும் ஓதத்திற்கும் உள்ள உறவையும் எடுத்துக் காட்டினார். ஈர்ப்பு விசையைக் கொண்டு இதன் காரணத்தை நியூட்டன் விளக்கியது 1687இல்தான்.

ஆனால் காம்பே வளைகுடாவின் ஓதம் வேறு; நம் மன்னார் வளைகுடாவின் ஓதம் வேறு. அங்கே பாவநகர்க் கரையில் பெரிய ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்டம் பத்து மீட்டருக்கு மேல் வேறுபடும். தூத்துக்குடியில் அது ஒரு மீட்டரை எட்டுவதே அரிது. பனைமர உயரமும் முழங்கால் உயரமும் என்று வைத்துக் கொள்ளலாம். இந்தச் சிறிய ஓதம்தான் நம் ஆற்று முகத்தின் தலைவிதியை எழுதிற்று.

எவ்வாறு என்று காண்போம். பஸ்ராவின் பேரீச்சந்தோப்புகளில் நாளுக்கு இருமுறை தானே நீர் பாயும். கடல் ஏறும்போது அது ஷத்துல் அரபு ஆற்றின் நன்னீரைப் பின்னோக்கித் தள்ளும். தள்ளப்பட்ட நன்னீர் வாய்க்கால்களில் ஏறித் தோப்புகளை நனைக்கும். கடல் வற்றும்போது மிகுந்த நீர் வடிந்துவிடும். ஏற்றமும் இல்லை, கவலையும் இல்லை. சந்திரனே நீர் இறைக்கிறது. ஆற்றில் நன்னீர் நிறைந்து வரும்வரை ஓதம் அருளாக இருந்தது. நன்னீர் குறையும்போது அதே ஓதம் உப்பைக் கொண்டு வருகிறது.

பொருநைக்கும் இது பொருந்தும். ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவரும் இவ்வாற்றின் எட்டு அணைக்கட்டுகளுள் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணை. ஆழ்வார்திருநகரி அவ்வணைக்குக் கீழே, கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. திருக்குருகூர் என்பது இதன் பழம்பெயர். குருகு என்பது நீர்ப்பறவை. பெயரிலேயே நீர்நிலத்தின் நினைவை வைத்திருக்கும் ஊர் இது. அணையிலிருந்து தென்கால் வழியாக நம் வயல்களும் குளங்களும் நீர் பெறுகின்றன. அணையைத் தாண்டி ஆற்றிலேயே போகும் நீர் ஏரல், முக்காணி வழியாகப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அந்த நீர் போதாத ஆண்டுகளில் கடலின் ஏற்றம் ஆற்றுக்குள் நுழைந்து, கரையோரக் கிணறுகளின் நீரைக் கரிக்கச் செய்கிறது. சிறிய ஓதமானாலும் நிலம் தட்டையாக இருப்பதால் நெடுந்தொலைவு உள்ளே வரும்.

ஆற்று முகத்து ஊர்களின் பெயர்களை நோக்குங்கள்: பழைய காயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். காயல் என்பது கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி. ஓதம் வந்து போகும் இடம். காயல்பட்டினத்தார் தம் ஊர்ப்பெயரைக் காஹிராவோடு இணைத்துச் சொல்லும் மரபு உண்டு. அது அவர்களுடைய வமிச நினைவு. ஆயினும் மூன்று ஊர்களுக்கும் பொதுவாக நிற்கும் தமிழ்ச்சொல் ஓதத்தின் வீட்டுப்பெயர் என்பதில் ஐயமில்லை.

இவற்றுக்கெல்லாம் மூத்தது கொற்கை. பாண்டியரின் துறைமுகம், முத்துக்குப் பேர்போனது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் வழிகாட்டி நூலும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமியின் நூலும் அதன் பெயரைச் சொல்கின்றன. 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் அங்கு அகழ்ந்தெடுத்த கரித்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021இலும் அங்கு அகழாய்வு நடந்தது. இன்று கொற்கைக்குச் செல்பவர் வயல்களையும் வாழைத்தோட்டங்களையும் காண்பார். கடலைக் காண இன்னும் ஆறு ஏழு கிலோமீட்டர் கிழக்கே போக வேண்டும்.

கொற்கைக்குப் பின் காயல் எழுந்தது. 1292-93ஐ ஒட்டி இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரைகளும் பிற சரக்குகளும் ஏற்றிவரும் கப்பல்கள் யாவும் காயலில் தங்கும் என்று எழுதினார். இக்கரையை அரபியர் 'மஃபர்' என்றழைத்தனர். கடந்து செல்லும் இடம் என்பது பொருள். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுதோறும் பதினாயிரம் குதிரைகள் மஃபர் துறைகளுக்கு வந்ததாகக் குறிக்கிறார். பாண்டியரிடம் அமைச்சராக விளங்கிய தகீயுத்தீன் அப்துர் ரஹ்மான் பொறுப்பில் இருந்த துறைகளுள் காயலும் ஒன்று. தமிழக முஸ்லிம்களின் வரலாற்றில் பெரிய ஏற்றம் ஒன்று உண்டென்றால் அது இக்காலமே எனலாம்.

அந்தக் காயல் எங்கே? கால்டுவெல் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொற்கையிலும் பழைய காயலிலும் தோண்டிப் பார்த்தார். 1877இல் அதைப் பற்றி எழுதினார். பழைய காயலின் மணலில் சீனத்துப் பீங்கான் துண்டுகளும் அரபு நாட்டு மட்பாண்டத் துண்டுகளும் அவருக்குக் கிடைத்தன. கடல் தூர்ந்து விலகியதால் கொற்கை கைவிடப்பட்டுக் காயல் எழுந்தது. காயலும் அதே காரணத்தால் கைவிடப்பட்டது என்பது அவர் முடிவு. பின்னர்ப் புன்னைக்காயல், அதன்பின் தூத்துக்குடி எனத் துறை நகர்ந்து கொண்டே போயிற்று. ஆற்று மண் சேராத இடத்தில் அமைந்த தூத்துக்குடித் துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது.

தூர்ந்தது ஏன் என்பதில்தான் நம் சொல்லாய்வின் முடிச்சு இருக்கிறது. ஆறு ஓடிவருகையில் மண்ணைச் சுமந்து வரும். கடலின் ஏற்றம் எதிர்கொள்ளும் இடத்தில் ஆற்றின் வேகம் தணியும். சுமை கீழே விழும். கடல் வற்றும்போது நீர் வெளியே பாய்ந்து அம்மண்ணை வாரிச் செல்ல வேண்டும். ஓதம் பெரிதாக உள்ள கரைகளில் அந்தப் பாய்ச்சலுக்கு வலிமை மிகுதி. நம் கரையின் ஓதமோ சிறிது. அதன் வற்றத்திற்கு அவ்வளவு வலிமை இல்லை. ஆண்டுக்கு ஒரு விரற்கடை என்றாலும் ஆயிரம் ஆண்டில் ஒரு துறைமுகம் வயலாகிவிடும். கொற்கையைக் கடல் விழுங்கவில்லை. பகைவர் ஒருவரே வந்து அழித்துவிட்டாரும் அல்லர். நாள்தோறும் இருமுறை வந்து போன ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே, யாரும் கவனியாத அளவில் மண் சேர்ந்தது.

1879இல் மௌலானா அல்தாஃப் ஹுஸைன் ஹாலி உர்தூவில் ஒரு நெடும்பா இயற்றினார். சர் ஸையித் அஹ்மத் கானின் தூண்டுதலால் எழுந்த அந்நூலின் பெயர் 'முஸத்தஸே மத்து வ ஜஸ்ரே இஸ்லாம்'. இஸ்லாத்தின் ஏற்றமும் வற்றமும் பற்றிய ஆறடிப்பா என்று கொள்ளலாம். அதன்பின் மத்து, ஜஸ்ர் என்னும் இவ்விரு சொற்களும் இந்திய முஸ்லிம்களின் பேச்சில் கடலை விட்டு வரலாற்றுக்குள் ஏறிவிட்டன. உயர்வு வந்தால் மத்து. தாழ்வு வந்தால் ஜஸ்ர். மேடைகளிலும் ஏடுகளிலும் நாமும் அவ்வாறே சொல்லி வந்திருக்கிறோம். 'இது நம் சமுதாயத்திற்கு வற்றத்தின் காலம். ஏற்றம் மீண்டும் வரும்' என்று எத்தனை முறை பேசியிருப்போம், கேட்டிருப்போம்!

ஹாலி அவர்கள் அப்பெயரைச் சூட்டியது உறங்குவோரை எழுப்ப. நாமோ அப்பெயரைத் தாலாட்டாக மாற்றிக் கொண்டோம். வற்றம் என்றால் காத்திருந்தால் போதும். ஆறு மணி நேரத்தில் கடல் தானே திரும்பும். ஆனால் கொற்கைக்கு நேர்ந்தது வற்றமா? இரண்டாயிரம் ஆண்டுகள் காத்திருந்தாலும் கொற்கையின் கடல் திரும்பாது. அது தூர்வு. வற்றம் தானே மீளும், தூர்வு தானே மீளாது, வாரினால்தான் மீளும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நீர் இல்லாத மணலைத்தான் இரண்டிலும் காண்கிறோம். அந்த மணல் எதனால் வெளிப்பட்டது என்று கேட்பவனே காத்திருப்பதா, மண்வெட்டி எடுப்பதா என்று அறிவான்.

இதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. ஸ்ரீவைகுண்டம் அணையில் நெடுங்காலமாக மண் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருந்தது. மழை பொய்த்ததென்றும் காலம் கெட்டதென்றும் சொல்லிக் காத்திருந்தவர் பலர். தூர் வாருங்கள் என்று உழவர்கள் கேட்டுக் கொண்டே இருந்தனர். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போய், 2015இல்தான் பணி தொடங்கிற்று. அணையில் இருந்த குறைக்கு வற்றம் என்று பெயரிட்டிருந்தால் மண்வெட்டி வந்திராது.

நம் கல்வியின் நிலையும் அத்தகையதே. அரபுத் தமிழில் எழுதப்பட்ட நூல்களை ஓத வல்லவர் ஊருக்கு ஒருவர் இருவர் என்றாகிவிட்டனர். ஏடுகள் பெட்டிகளில் செல்லரித்துக் கிடக்கின்றன. வீட்டுப் பெண்மக்கள் ஓதி வந்த பாடல்கள் அவர்களோடு போகின்றன. இதற்கு நாம் ஜஸ்ர் என்று பெயரிட்டு, மத்து வரும் என்று அமர்ந்திருக்கிறோம். அப்பெயர் பொருந்தாது. இது தூர்வு. ஆண்டுக்கு விரற்கடையாகச் சேர்ந்த மண். இதில் நமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக் கொள்கிறோம். எத்தனையோ மாலைகள் மத்தின் அளவைச் சொல்லிக் கொடுத்த நாம், அச்சொல்லுக்குக் கடலில் உள்ள பொருளை ஒரு மாணவர் கேட்கும்வரை சொல்லியதில்லை.

பெயர் பிழைத்தால் வரும் கேடு கல்வியோடு நிற்பதன்று, உயிரையும் கொள்ளும். திருச்செந்தூர்க் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டிக் கடல் சற்றே விலகிப் பாறைகள் தெரிவதும், 'கடல் உள்வாங்கியது' என்று செய்தி வருவதும், மக்கள் பாறைகள்மேல் ஏறி நின்று பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. பெரும்பாலும் அது வேளைப்படி வந்த வற்றமே. அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் 2004 டிசம்பர் 26ஐ நினைத்துப் பாருங்கள். அன்றும் பௌர்ணமி. ஆழிப்பேரலைக்கு முன் பல கரைகளில் கடல் பின்வாங்கிற்று. வற்றம் என்று எண்ணி வெளிப்பட்ட தரையைக் காணச் சென்றவர்கள் உண்டு. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8000 உயிர்கள் போயின. வற்றம் ஆறு மணி நேரம் எடுத்துக் கொண்டு மெல்ல இறங்கும். சில நிமிடங்களில் கடல் விலகினால் அது வற்றம் அன்று. ஓடித் தப்ப வேண்டிய அறிகுறி. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் போதும்.

ஆழிப்பேரலையை ஆங்கிலத்தில் ஓத அலை என்று பொருள்படும் பெயரால் நெடுங்காலம் வழங்கி வந்தனர். கடலடி நிலநடுக்கத்தால் எழுவதற்கும் ஓதத்திற்கும் எவ்வுறவும் இல்லை. 1964 டிசம்பர் 22, 23 இரவில் தனுஷ்கோடியை அழித்த கடலையும் அப்பெயரால் அழைத்தார்கள். அது புயல் தள்ளிக் கொண்டு வந்த நீர். புயல் நீருக்கு ஓதம் தாயன்று. சில வேளை துணையாக நிற்கும். 1970 நவம்பர் 12, 13இல் கிழக்கு வங்கத்தில் பௌர்ணமியை ஒட்டிய ஏற்றத்தின் வேளையில் புயலும் கரை கடந்தது. ஏற்றத்தின் தோள்மேல் புயல் நீர் ஏறி நின்றது. மாண்டோர் மூன்று இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் வரை என மதிப்பிட்டனர்.

எங்கோ தொலைவில் எழுந்த காற்றின் பேரலைகள் இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறுவதைக் 'கள்ளக்கடல்' என்று தென்கரை மீனவர் அழைப்பர். பொருத்தமான பெயர். வேளை சொல்லாமல் வருவது கள்வன்தானே? 2024 மே 6ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டக் கரையில் மருத்துவ மாணவர் ஐவரை அலை கொண்டு போயிற்று. ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் நடுவத்தின் எச்சரிக்கை அந்நாள்களில் நடைமுறையில் இருந்தது. அச்சொல் கேட்டோருக்கு என்ன பொருள் தந்தது என்பதே கேள்வி.

நம் பள்ளத்தாக்கின் புண்ணையும் தொட்டாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரு நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல் எல்லாம் நீரில் மிதந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்ற இரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக் கிடந்தனர். 'கடலில் ஏற்றம், ஆற்று நீரைக் கடல் ஏற்கவில்லை' என்ற பேச்சு அந்நாள்களில் நம் செவியிலும் விழுந்தது. பிறைக் கணக்கைப் பார்த்தோம். அமாவாசை டிசம்பர் 12, 13 இரவோடு போயிற்று. முதல் அரைப்பிறை 19, 20 நள்ளிரவில். அதாவது ஏற்றம் நாளுக்கு நாள் தணிந்து கொண்டிருந்த காலம் அது. ஏற்கெனவே சிறிதான நம் ஓதம் அந்நாள்களில் இன்னும் சிறிதாக இருந்திருக்கும். பெருமழைதான் முதற்காரணம். அதற்குமேல் குளங்களின் உடைப்பு, வடிகால்களின் அடைப்பு, ஆற்று வழியின் நெரிசல் ஆகியவற்றை ஆராய வேண்டும். கடல்மேல் பழி போட்டால் அவற்றை ஆராய வேண்டிய வேலை மிச்சம். அடுத்த வெள்ளத்திற்கும் நாம் அப்படியே இருப்போம்.

ஆகவே சொற்களைப் பிரித்து வைத்துக் கொள்வோம். வேளைப்படி ஏறி இறங்குவது ஓதம். அதிலும் நாள்தோறும் வரும் ஏற்றத்தையும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஏற்றத்தையும் சில நூல்கள் 'உயர் ஓதம்' என்ற ஒரே பெயரால் வழங்குவதால் மாணவர் மயங்குகின்றனர். முன்னதை 'நாளேற்றம்' என்றும் பின்னதைப் 'பிறையேற்றம்' என்றும் பிரித்துச் சொல்லலாம் என்பது நம் எளிய கருத்து. மழையால் வருவது வெள்ளம். புயல் தள்ளுவது புயல்நீர். நிலநடுக்கம் எழுப்புவது ஆழிப்பேரலை. தொலைக்காற்று அனுப்புவது கள்ளக்கடல். மண் சேர்ந்து நீர் போவது தூர்வு. ஆறும் ஆறு வகை. அவற்றின்முன் நாம் செய்ய வேண்டியவையும் ஆறு வகை.

ஓதுவதில் ஒரு மத்தைக் குறுக்கினாலோ, இல்லாத இடத்தில் நீட்டினாலோ சில இடங்களில் பொருளே மாறிவிடும் என்று பிள்ளைகளை எச்சரிக்கிறோம், பிரம்பையும் காட்டுகிறோம். கடலின் மத்தைப் பிழையாக ஓதினால் என்னாகும் என்பதைத் தனுஷ்கோடியும் நாகப்பட்டினமும் நமக்குச் சொல்லிவிட்டன. அதற்கும் பாடம் வேண்டாமா?

கேள்வி கேட்ட மாணவரையும் அவர் தோழர்கள் சிலரையும் அடுத்த பிறை 15இல் புன்னைக்காயலுக்கு அழைத்துச் சென்றோம். ஆற்று முகத்தில் ஒரு கம்பை ஊன்றி, மணிக்கொரு முறை நீர் தொட்ட இடத்தில் கோடு கிழிக்கச் சொன்னோம். எட்டு நாள் கழித்து, அரைப்பிறையில், மீண்டும் சென்று அதுபோலவே செய்தோம். முதல் முறை கோடுகள் அகன்று நின்றன; இரண்டாம் முறை நெருங்கி நின்றன. திரும்பும் வழியில் கொற்கையில் இறங்கினோம். அங்கும் ஒரு கம்பை ஊன்றலாமா என்று ஒரு சிறுவன் கேட்டான். எத்தனை நாள் காத்திருந்தாலும் அக்கம்பில் கோடு விழாது என்று கூறினோம். அவன் சற்று நேரம் வயலையே பார்த்துக் கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் இங்கே தோண்டத்தான் வேண்டும், ஹஜ்ரத்" என்றான்.

அவன் சொன்னது அகழாய்வைப் பற்றியதாக இருக்கலாம். நாம் அதை நம் பெட்டிகளில் கிடக்கும் ஏடுகளைப் பற்றியதாக எடுத்துக் கொண்டோம். அடுத்த வாரம் முதல் வெள்ளிக்கிழமை மாலைகளில் அரபுத் தமிழ் ஏடு ஒன்றை எடுத்து வைத்து, நான்கு பிள்ளைகளோடு எழுத்துக் கூட்டி ஓதத் தொடங்கியிருக்கிறோம். இவ்விதழை வாசிக்கும் அன்பர்களின் வீட்டுப் பரண்களிலும் அத்தகைய ஏடுகள் இருக்கக்கூடும். ஏற்றத்திற்குக் காத்திராமல் அவற்றை இறக்கித் தூசி தட்டுமாறு வேண்டிக் கொள்கிறோம்.